டி பிளாக் மொட்டைமாடியில் விழுந்த சொற்கள்

உப்பு லாரிகள் எல்லாம் போய் ஓய்ந்து, கோயில் மணியும் அடித்து முடிந்து, டி பிளாக்கின் பதினாறு வீட்டிலும் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த வேளையில், மொட்டைமாடியில் யாரோ ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு படி. அப்புறம் ஒன்றே ஒன்று, மறந்துவிட்டதைத் திரும்பி வந்து போட்டதுபோல, டொக்கென்று.

மழை இல்லை. குரங்கு என்றார்கள் முதல் மாடிக்காரர்கள், எங்கள் பக்கம் குரங்கு ஏது என்று யோசிக்காமல். நாலாம் மாடிப் பிள்ளைகள் என்றார்கள் இரண்டாம் மாடிக்காரர்கள். நாலாம் மாடிப் பேச்சித்தாய் அக்கா கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, "எம் பிள்ளைக இங்க சோறு திங்குதுவ, வேணும்னா ஏறி வந்து எண்ணிப் பாருங்க," என்று கத்தினாள். கடைசியில் எங்கள் பிளாக் செயலாளர் மச்சாது அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு ஏறினார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே இருந்து எது விழுந்தாலும் அது தன் சொந்த விஷயம் என்று எடுத்துக்கொள்கிறவர். நாங்களும் பின்னாலேயே ஏறினோம்.

மொட்டைமாடி முழுக்க வெள்ளையாக, கல்லுப்பு நிறத்தில், துண்டு துண்டாகக் கிடந்தது. விரல் நீளத்தில் கொக்கிகள், முழ நீளத்தில் கால்கள், கேரம் காய் அளவில் பொட்டுகள். தொட்டால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித்தட்டுபோல ஒரு சூடு. மச்சாது அண்ணன் வானத்தைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், "கட்டும் இல்ல, கயிறும் இல்ல. கப்பல் சரக்கு இல்ல இது," என்று சொல்லிவிட்டு, வேறு கேள்வி எதுவும் அவருக்குத் தோன்றாததால், "விழுந்தது விழுந்துட்டு, காலைல கூட்டுவோம்," என்று இறங்கிப் போனார்.

மொட்டைமாடியில் விழுகிறது நாலாம் மாடிக்குச் சொந்தம் என்பது எங்கள் பிளாக்கில் எழுதாத சட்டம். அறுந்த பட்டமும் காற்றில் பறந்த துண்டும் அப்படித்தான். ஆகவே மறுநாள் காலையிலேயே பேச்சித்தாய் அக்கா கொக்கிகளைப் பொறுக்கிச் சுவரில் அடித்து சல்லடையும் கரண்டியும் மாட்டிவிட்டாள், பிள்ளைகள் பொட்டுகளை வைத்துக் கேரம் ஆடினார்கள், கால்களை இரண்டாம் மாடிக்காரி கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தாள், பத்து மணிக்குள் மாடி துப்புரவாகிவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை. நான் மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதையும் பொறுக்காமல் நின்றேன். அந்தக் கொக்கிகளை முந்தின இரவு சரியாக எட்டு மணிக்கு என் லேப்டாப் திரையில் பார்த்திருந்தேன்.

நான் மூன்றாம் மாடி டெல்பின். என் வீட்டுக்காரர் ரொமால்டு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணியில் போனார், தோணி திரும்பவில்லை. ஒன்பது மாதம் ஆகிறது. அவர் போனபோது வயிற்றில் இருந்த ஜெனோவாவுக்கு இப்போது ஏழு மாதம், கீழே இரண்டு பல். அவருடைய அண்ணன் கஸ்பார் அத்தானுக்கும் விண்ணரசி அக்காவுக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகப் பிள்ளை இல்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போதே அத்தான் சொல்லிவிட்டார்: "பெத்துக் குடு, அது போதும். வளர்க்க நாங்க இருக்கோம். உனக்கு வேலையா வெட்டியா? நீ கான்வென்ட்டுக்குப் போயி சிஸ்டர்மாரோட இருந்துக்கோ. சவேரியார் திருநாளுக்குப் பிள்ளை எங்க வீட்டுல இருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் பெயர் மாற்றுகிற விஷயத்தைச் சொல்கிறமாதிரிச் சொன்னார். அதனால்தான் பயந்தேன்.

மதுரையில் ஒரு கம்பெனி, பழைய பத்திரங்களைத் தமிழில் தட்டச்சு செய்ய, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது. பத்து நிமிஷப் பரீட்சை. நிமிஷத்துக்கு முப்பது சொல், மொத்தத்தில் பத்துத் தப்புக்கு மேல் கூடாது. என்னிடம் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. விசைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதில் மையால் தமிழ் எழுத்து எழுதி, ஜெனோவா தொட்டிலில் கிடக்கிற நேரத்தில் தட்டிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு எட்டுச் சொல். திருநாளுக்கு இரண்டரை மாதம்.

அப்போதுதான் லேப்டாப்பில் இருந்த செயற்கை அறிவு உதவியாளனிடம் கேட்டேன், தட்டச்சுப் பழக ஒரு சின்ன விளையாட்டு செய்து தருவாயா என்று, அதையும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி. அது எங்கள் கான்வென்ட் தமிழ் மிஸ்போல ஒரு தப்பில்லாமல் பதில் சொன்னது: "நிச்சயமாக. மேலிருந்து சொற்கள் விழும். தரையைத் தொடுமுன் தட்டச்சு செய்தால் சொல் மறைந்துவிடும். தவறவிட்டால் ஓர் உயிர் போகும். விளையாடுபவருக்கு எத்தனை உயிர்கள் வேண்டும்?"

உயிர் போகிற விளையாட்டே வேண்டாம், யாரும் போகக் கூடாது என்று எழுதினேன்.

"சரி, உயிர் இழப்பை நீக்கிவிட்டேன். அப்படியானால் தவறிய சொற்கள் எங்கே போக வேண்டும்?"

எங்கேயாவது போகட்டும் என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அடுத்து, விழுவதற்குச் சொற்பட்டியல் ஒன்று கேட்டது. பட்டியல் என்று யாராவது கேட்டால் என் கைக்கு ஒரே பட்டியல்தான் தெரியும். கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு இரவும் படுக்குமுன் ஆத்தும சோதனை செய்து, அன்றைய பாவங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லுவார் சிஸ்டர் இக்னேஷியா. பாவம் ஒன்றும் இல்லை என்றால் அதுவே அகங்காரப் பாவம் என்று எழுதச் சொல்லுவார். ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பாவம் செய்ய நேரம் ஏது? பாவத்தின் இடத்தில் பயம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பழக்கம்போல, இருந்ததையெல்லாம் எழுதினேன்: பல்லி, இடி, காய்ச்சல், மின்வயர், தண்ணீர்த்தொட்டி, கடல், தந்தி, தனிமை, கஸ்பார். இருபத்தெட்டு வந்தது. அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் ஆட்டத்தில் இருபத்தெட்டில் இருபத்தாறை விட்டுவிட்டேன். என் மேல் மட்டும் பிழை இல்லை. எழுத்துகள் பிய்ந்து பிய்ந்து விழுந்தன. க ஒரு பக்கம், அதன் கொம்பு ஒரு பக்கம், புள்ளி தனியே உருண்டு போயிற்று. அந்தக் கொம்பும் புள்ளியும் காலும்தான் மொட்டைமாடியில் கிடந்தன. எழுத்தைப் பிய்க்காதே என்று உதவியாளனுக்கு எழுதினேன். "மன்னிக்கவும். ஒரே எழுத்தை நான் இரண்டு மூன்றாக எண்ணிவிட்டேன். திருத்திய நிரல் இதோ. இனிச் சொற்கள் முழுமையாக விழும்," என்றது. நன்றி சொல்லி மாற்றிக்கொண்டேன். எட்டுமணிச் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையைப் பார்க்காமல் ஆடினேன்.

அன்றைக்கு இரவு சொற்கள் முழுமையாக விழுந்தன.

காலையில் டி பிளாக்கே மொட்டைமாடியில் நின்று வாசித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு ஒவ்வொரு சொல்லும், பிசிறில்லாமல், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதினமாதிரி. "காய்ச்சல்," என்று எழுத்துக்கூட்டினாள் பேச்சித்தாய் அக்காவின் மூத்த மகள். "தனிமை," என்றாள். நடுவில், தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்தபடி, மற்ற எல்லாச் சொல்லையும்விடப் பெரிதாக, கஸ்பார் கிடந்தது. ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் ஓடி வந்து பட்டியலை நீக்கிவிடு என்று உதவியாளனிடம் கேட்டேன். நீக்கியது. இரவு எட்டு மணிக்குத் திறந்தால் அதே சொற்கள் அதே வரிசையில் விழுந்தன. கூரைக்குப் போவதை நிறுத்து என்றேன். "நிரலை முழுவதும் சரிபார்த்தேன். கூரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நடப்பது எனக்கு விளங்கவில்லை. வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க முடியும்," என்றது. விளங்கவில்லை என்று அது ஒத்துக்கொண்டது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. வேகத்தைக் குறைத்தால் பரீட்சையில் தோற்றுப்போவேன் என்பதால் குறைக்க வேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள் கஸ்பார் அத்தான் வந்தார். தன் பெயர் கூரையில் கிடக்கிறது என்று பஜாரிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர் முகம் சிவந்திருந்தது.

"என்னப் பாத்தா உனக்குப் பயமாட்டி? நான் என்ன பேயா, பிசாசா?"

"இல்ல அத்தான்."

"பொறவு எம் பேரு ஏன் அங்க கெடக்கு? அதுமேல ஒருத்தி பெட்சீட்டு காயப்போட்டிருக்கா!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஊர்க் கமிட்டியைக் கூட்டினார். பிள்ளையை எடுக்கிறதுக்கு அதுவரை அவரிடம் ஆசை மட்டும்தான் இருந்தது. இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது. "பயம் பிடிச்சவ கையில பிள்ள வளருமா? ராத்திரியானா அவ மனசுல உள்ளது கூரையில விழுது. நாளைக்குப் பிள்ள தலைல விழும்," என்றார். கமிட்டியில் உள்ள எட்டுப் பேரும் ஆண்கள். தொண்டையைச் செருமி, ஒருவரையொருவர் பார்த்து, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள்: சவேரியார் திருநாளுக்குள் டெல்பின் கையில் வேலை என்று ஒன்று இருந்தால் பிள்ளை தாயிடம். இல்லாவிட்டால் பெரியப்பா வீட்டில். சொற்கள் வானத்திலிருந்து விழுவதைப்பற்றிக் கமிட்டி எதுவும் சொல்லவில்லை. அது தங்கள் அதிகாரத்தில் வராது என்று நினைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக் குருசம்மா அக்கா, உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் நின்று கறுத்த காலோடு, என் வாசலில் வந்து நின்றாள். கையில் காலண்டர் தாளில் கிழித்த சீட்டு.

"இந்தா. இதையும் அதுல போடு."

"என்னதுக்கா இது?"

"எம் பயம்."

"உங்க பயம் எதுக்குக்கா?"

"மூதி, உன் பயம் மட்டும் தனியாக் கெடந்தாத்தான உன்னுதுன்னு தெரியும். சீவித் தள்ளுன முடி மொத்தமாக் கெடந்தா யாரு முடி யாருதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

சீட்டில் 'பாய்லர்' என்று இருந்தது. உப்பு ஆலையில் உள்ளது. குருசம்மா அக்கா கீழே போய் இரண்டு பேரிடம் சொன்னாள். இரண்டு பேருக்குச் சொன்னால் டி பிளாக்கில் பதினாறு வீட்டுக்கும் சொன்னமாதிரி. மறுநாளிலிருந்து சீட்டுகள் வந்தன. கறி வாங்கின தாளில், பால் கவரில், பிள்ளைகளின் நோட்டுத்தாளில், எழுதத் தெரியாதவர்கள் என் காதிலேயே வந்து சொன்னதுமாக: ஸ்கேன், பாம்பு, ஊசி, மாமியார், போலீஸ், பூரான், மூத்தவளின் மௌனம், மூன்றாவதும் பெண், ஆபரேஷன் தியேட்டர், கல்லறைத்தோட்டத்து நாய், வயசாகிறது. மச்சாது அண்ணன் மூன்று நாள் வாசலில் அப்படியும் இப்படியும் நடந்துவிட்டு, நாலாம் நாள் கதவோரம் வந்து மிக மெல்ல, "எழுதிக்கோ. லிஃப்ட்டு," என்றார்.

"அண்ணே, நீங்க கிரேன் ஓட்டினவங்க!"

"கிரேன நான்ல ஓட்டினேன். லிஃப்ட்ட எவன் ஓட்டுதான்?"

முந்நூற்றுச் சொச்சம் சொல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் உதவியாளனிடம் கொடுத்தேன். அது எதையும் ஏன் என்று கேட்காமல், சின்னச் சொல் முதலில், நீளமானது பிறகு, கூட்டெழுத்து கடைசியில் என்று படிப்படியாக அடுக்கி, நான் எந்த விசையில் தடுக்குகிறேன் என்று கணக்கு வைத்து, அந்த எழுத்து உள்ள சொற்களாகவே பொறுக்கி எடுத்து இறக்கியது. ஒரு கையால் ஜெனோவாவின் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஒரு கையால் தட்டினேன். அவள் தூங்கின பிறகு இரண்டு கையால் தட்டினேன். பிடித்த சொல் திரையிலேயே கரைந்தது. விட்ட சொல் கூரையில் விழுந்தது. எட்டு மணிச் சத்தத்துக்கு டி பிளாக் பழகிவிட்டது. சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்தார்கள். சத்தம் குறைந்த நாளில், "இன்னைக்குப் பிள்ள நல்லா அடிக்கா," என்று கீழ்வீட்டில் பேசிக்கொண்டார்கள். மின்வெட்டினால் நான் ஆடாத ஒரு நாள், மூன்று வீட்டில் சோறு குழைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள்.

விழுந்த சொற்களைப் பிளாக் எப்படியெல்லாமோ உபயோகித்தது. ஸ்கேன் மேல் வத்தல் காய்ந்தது. பாம்பை வளைத்துத் துளசிச்செடிக்கு வேலி கட்டினார்கள். மாமியாரை அந்த மாமியாரே முதுகு சொறிய வைத்துக்கொண்டாள், யார் எழுதியது என்று தெரியாமல். ஃபாதர் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளித்துவிட்டு, கிறிஸ்துமஸ் குடிலுக்கு நாலைந்து கிடைக்குமா என்று விசாரித்தார். குப்பை வண்டிக்காரர் இது மக்குகிற குப்பையா மக்காத குப்பையா என்று கேட்டு வண்டியை நிறுத்திவிட, பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா என்று பிளாக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. பயம் மக்கும் என்று ஏழு பேரும் மக்காது என்று ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். ஒருநாள் மச்சாது என்ற சொல்லே விழுந்து கிடந்தது. "எவட்டி இத எழுதுனது?" என்று அண்ணன் நாலு மாடியும் ஏறி இறங்கினார். அன்று முழுக்க டி பிளாக் பெண்கள் எல்லோருக்கும் வானத்தில் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

எனக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. தன் பயம் வெயிலில் கிடப்பதை, காக்கா அதன்மேல் உட்கார்ந்து எச்சமிட்டுப் போவதை, பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுவதைப் பத்து நாள் பார்த்தவளுக்கு அதனிடம் பழைய மரியாதை இல்லாமல் போயிற்று. தண்ணீர் லாரிக்காரன் வழக்கம்போல அதட்டியபோது கோழிக்கூண்டுக்காரி அவன் கையிலிருந்து குழாயைப் பிடுங்கித் தன் குடத்தில் வைத்தாள். குருசம்மா அக்கா உப்பு ஆலையில் பாய்லர் பக்கத்து வேலைக்கு மாறிப்போனாள், நிழலாவது உண்டே என்று. எனக்கு நிமிஷத்துக்கு இருபத்தாறு வந்தது.

விண்ணரசி அக்கா ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். தூக்குவாளியில் புட்டு. ஜெனோவாவை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய இரண்டு பல்லையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளை அவள் விரலைக் கடித்தது. அவள் விரலை எடுக்கவில்லை. போகும்போது எட்டாக மடித்த ஒரு சீட்டை என் கையில் அழுத்தினாள்.

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம், என்னா."

"சரிக்கா."

அவள் போன பிறகு பிரித்தேன். 'வெறுந்தொட்டில்' என்று இருந்தது. அன்று இரவு அந்தச் சொல் திரையின் உச்சியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. எல்லா எழுத்தும் என் விரலுக்குத் தெரிந்த எழுத்துதான். என்னால் முதல் விசையைக்கூடத் தொட முடியவில்லை. மேலே அது விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை.

பரீட்சை திருநாளுக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலு மணிக்கு. அத்தானும் அதே நாலு மணிக்கு ஆட்டோவோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார், கமிட்டிக்காரர் இரண்டு பேரோடு, வெஸ்பர் மாலைப்பூசைக்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும் என்று. செய்தி வந்ததும் நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "நாலேகாலுக்கு வரச் சொல்லுங்கண்ணே," என்று மச்சாது அண்ணனிடம் அழுதேன்.

"அவன் கேக்கமாட்டான். உனக்கு எம்புட்டு நேரம் வேணும்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துக்கு ஆன படிக்கட்டு நான் கெட்டித் தாரேன். நீ உள்ள போ."

மத்தியானம் ஒரு மணிக்கு மொட்டைமாடியில் கயிறும் கப்பியும் கட்டி, முப்பத்தொரு வருஷ அனுபவத்தையும் தொண்டையில் ஏற்றிக்கொண்டு, "கெட்டு! தூக்கு! இறக்கு இறக்கு, ஆங், நிறுத்து!" என்று அண்ணன் கூவ, இரண்டரை மாதமாக விழுந்த சொற்கள் எல்லாவற்றையும் பெண்கள் மாடியிலிருந்து இறக்கிப் படிக்கட்டில் தரையிலிருந்து மூன்றாம் மாடிவரை அடுக்கினார்கள். வத்தலை எடுத்துவிட்டு ஸ்கேனையும், வேலியைப் பிரித்துப் பாம்பையும், சண்டை போட்டு மாமியாரையும் கொண்டுவந்தார்கள். யாருடைய பயத்தையாவது மிதிக்காமல் யாரும் மேலே ஏற முடியாது.

நாலு மணிக்கு மதுரையிலிருந்து ஒரு பெண்குரல் போனில் வந்தது. "மேடம், ரெடியா? ஸ்டார்ட் பண்ணலாமா?"

படிக்கட்டில் நடந்ததைக் குருசம்மா அக்கா பிறகு சொன்னாள். அத்தான் வேட்டியை மடித்துக்கொண்டு ஊசியைத் தாண்டினார், போலீஸைத் தாண்டினார், பூரானில் வழுக்கினார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் முதல் மாடித் திருப்பத்தில் 'குடித்துவிட்டு வருகிற சத்தம்' என்பதை வாசித்துவிட்டு, எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி இறங்கிவிட்டார். இன்னொருவர் 'மூன்றாவதும் பெண்' கிட்டே வந்ததும் நின்றார். அவருக்கு மூன்றும் பெண். கையால் அந்தச் சொல்லைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தார்கள். அத்தான் இரண்டாம் மாடியில் தன் பெயரின் மேல் காலை வைத்து ஏறினார். அதற்கு அடுத்த படியில் 'வெறுந்தொட்டில்' கிடந்தது. வாசித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தக் கையெழுத்தும் அதில் இல்லை. பதினான்கு வருஷம் ஒரே பாயில் படுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஏறின காலை எடுத்துக் கீழே வைத்து, வேட்டி அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல், படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இதெல்லாம் அறியாமல் உள்ளே ஒரு பழைய நிலப் பத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே ஓடை, தெற்கே சவுக்குத்தோப்பு, கிழக்கே பொதுவழி. ஏழாவது நிமிஷம் ஜெனோவா அழுதாள். பேச்சித்தாய் அக்கா தொட்டிலை ஆட்டினாள், அழுகை நிற்கவில்லை, என் மார்பில் பால் ஊறி ரவிக்கை நனைந்தது, விரல் நிற்கவில்லை. சொற்கள் மேலிருந்து வந்தன, வந்த சொல்லையெல்லாம் பிடித்தேன், ஒன்று தரைக்குப் போகவில்லை, ஓடையையும் தோப்பையும் வழியையும் வாரிசையும் சாட்சியையும் கீழே விடாமல் வாங்கி வாங்கித் திரையில் வைத்தேன், என் கை எனக்கு முன்னால் ஓடியது, பயப்படுவதற்கு நேரம் இல்லை, நேரம் இல்லை என்று எனக்கே சிரிப்பு வந்தது.

"டைம் அப் மேடம்." போனில் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. "முப்பத்தாறு ஸ்பீடு. ஏழு தப்பு. திங்கட்கிழமையிலிருந்து ஃபைல் அனுப்புறோம், பாத்துக்கோங்க."

பேச்சித்தாய் அக்கா போட்ட குலவையில் தொட்டில் கயிறே ஆடியது. அதைக் குருசம்மா அக்கா எதிர்வீட்டு வாசலிலிருந்து வாங்கி இரண்டாம் மாடிக்குக் கொடுத்தாள், அங்கிருந்து முதல் மாடிக்குப் போயிற்று, கீழே ஆட்டோக்காரர் என்ன ஏதென்று தெரியாமல் ஹாரன் அடித்தார். மச்சாது அண்ணன் கைலி அவிழ்வது தெரியாமல் படிக்கட்டில் நின்று, "ஏலே, முப்பத்தாறாம்ல! முப்பத்தாறு!" என்று துறைமுகத்துக்கே கேட்கும்படிக் கத்தினார். "அந்த மெசினுக்கும் ஒரு வார்த்தை சொல்லுட்டி, அதுவும் உறங்காமக் கெடந்துச்சுல்லா," என்றாள் குருசம்மா அக்கா. சொன்னேன். "வாழ்த்துகள். தட்டச்சு செய்தது நீங்கள். நான் சொற்களை விழச் செய்தேன், அவ்வளவே. விளையாட்டில் வேறு மாற்றம் ஏதும் வேண்டுமா?" என்றது. ஒன்றும் வேண்டாம் என்று தமிழிலேயே தட்டினேன், விசையைப் பார்க்காமல்.

கூட்டம் கலைந்து, ஜெனோவா பால் குடித்து முடித்த பிறகு, அத்தான் வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் உப்புத்தூள். உள்ளே வரவில்லை.

"கமிட்டி சொன்னது சொன்னதுதான்," என்றார் தரையைப் பார்த்து. "பிள்ள உன்கிட்ட இருக்கட்டும்."

"ஆமா அத்தான். எங்கிட்டதான் இருப்பா."

என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"விண்ணரசி… ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போகட்டுமா?"

"வரட்டும். ரெண்டு பேரும் வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன். "கதவத் தட்டிட்டு வரணும் அத்தான்."

அவர் தலையசைத்தார். சொற்களைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கிப் போகிறதை, கடைசிப் படிவரைக்கும் நின்று பார்த்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். ரொமால்டு போனதிலிருந்து நான் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை; உள்ளே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குக் கேட்கும், யார் வருவார் என்று, ஒரு குடத்தை மட்டும் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். குடத்தை அடுப்படிக்கு நகர்த்தினேன். தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டேன், அசையவில்லை. ஜெனோவாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு இடிகல்லை எடுத்துத் தட்டினேன்.

"ஏட்டி, என்னத்த உடைக்க அங்க?" எதிர்வீட்டிலிருந்து குருசம்மா அக்கா.

"ஒடைக்கலக்கா. தாழ்ப்பாள் போடுதேன்."

"போடு, போடு," என்றாள். "நல்லா இழுத்துப் போடு."

இன்னொரு தட்டு. துரு பொடிப்பொடியாக என் காலில் உதிர்ந்தது. மூன்றாவது தட்டில் தாழ்ப்பாள் கீச்சென்று நகர்ந்து, சட்டத்தின் ஓட்டைக்குள் கழுத்துவரைக்கும் போய் உட்கார்ந்தது.